குறுக்கே கிடந்த கிளை

"எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, ஹூபர்ட்," என்றார் கிளெமென்ட் ரட்ஜ்.

சனிக்கிழமை காலை. ஹூபர்ட் ஸ்டானிங் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். தபால் கொடுக்க வந்த மார்லீன், வழக்கம்போல, போகிற எண்ணமே இல்லாமல் அடுப்படி ஓரம் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வருடம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர் ஹூபர்ட். பிரிம்ப்ளி கிராமத்தில் நாய் காணாமல் போனாலும் உயில் காணாமல் போனாலும் அவரிடம்தான் வருவார்கள். மார்லீன் அவருடைய உதவியாளர். யாரும் நியமிக்கவில்லை, அவளாகவே ஆகிவிட்டாள்.

"முதல்ல உட்காருங்க. டீ குடிங்க. என்ன நடந்துச்சுன்னு வரிசையா சொல்லுங்க," என்றார் ஹூபர்ட்.

கிளெமென்ட் தடியால் நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தார். எழுபத்தெட்டு வயது. கண்ணில் வெளிச்சமும் நிழலும் மட்டும்தான் மிச்சம். ஆனாலும் தினமும் காலையில் ஊர்ப் பொதுவெளியைக் கடந்து, காட்டு வழியாக மேட்டு பெஞ்சு வரை தனியாகப் போய் வருவார்.

"ஒரு வாரம் சளிக் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன். பாத்துக்க டவுன்லேர்ந்து மக ஹெஸ்டர் வந்தா. வியாழக்கிழமை உடம்பு தேவலைன்னு கிளம்பினேன். கதவைத் தாண்டினேன். மஞ்சப் பூ முள்ளுப் புதர்ல தேங்காய் வாசனை வந்துச்சு. அப்புறம் ஓக் மரத்து நிழல். பாதை பிரியுற இடத்துல, சதுப்பு வழியை அடைக்கக் குறுக்கே போட்டிருக்குற கிளையில தடி பட்டுச்சு, மறுபக்கம் திரும்பினேன். எப்பவும் செய்யுறதைத்தான் செஞ்சேன். அரை மணி நேரத்துல இடுப்பு வரைக்கும் சேத்துல நின்னேன்!"

"யாரு தூக்கினது?"

"லெனார்ட் குருக்கோட். அவன் மட்டும் வரலேன்னா இன்னைக்கு எனக்குக் கருமாதி. ஹெஸ்டர் போய்ப் பாத்தா, கிளை எப்பவும் இருக்குற வலப்பக்கத்துலதான் கிடக்குது. அதைத் தாண்டித்தான் நான் சதுப்புக்குள்ள போயிருக்கணும்னு சொல்றா. திங்கக்கிழமை முதியோர் இல்லத்துல ரூம். கையெழுத்தும் போட்டுட்டா." அவர் குரல் இறங்கியது. "அவ மேல தப்பில்ல. பயந்துட்டா. நானும்தான்."

மார்லீன் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மதியம் இருவரும் காட்டுக்குப் போனார்கள். பெரணிச் செடிகள் சுருள் விரிக்கும் மே மாதம். ஹூபர்ட் முழங்கால் வலியோடு மெல்ல நடந்தார். மார்லீன் முன்னால் ஓடி ஓடித் திரும்பி வந்தாள்.

பாதை பிரியும் இடத்தில் இடது வழி மேட்டு பெஞ்சுக்கு ஏறும். வலது வழி சதுப்புக்கு இறங்கும். முன்பு ஒரு பசு மாடு மூழ்கியதிலிருந்து வலது வழியின் குறுக்கே ஒரு கனத்த ஓக் கிளையை இழுத்துப் போட்டிருந்தார்கள். இன்றும் அது அங்கேதான் கிடந்தது.

"பாவம் சார், தாண்டித்தான் போயிருக்காரு," என்றாள் மார்லீன் வருத்தமாக.

"இந்த ஊர்ல பாதைக்குக் குறுக்கே கிளை கிடந்தா நீ தாண்டுவியா?"

"ச்சே! யாராவது தாண்டுவாங்களா? போகாதேன்னு ஒருத்தர் மெனக்கெட்டுப் போட்டிருக்காங்க. அதை மதிக்கலேன்னா எப்படி?"

"கிளெமென்டும் அப்படித்தான். எழுபது வருஷமா தாண்டாத மனுஷன் வியாழக்கிழமை மட்டும் எதுக்குத் தாண்டணும்?" ஹூபர்ட் குனிந்து கிளையைப் புரட்டினார். "பாசி எந்தப் பக்கம் இருக்கு, பாரு."

"அடிப்பக்கம்."

"வருஷக்கணக்கா ஒரே இடத்துல கிடக்குற கட்டைக்குப் பாசி அடியிலயா வளரும்?"

மார்லீன் வாய் பிளந்தாள். அடுத்த நிமிஷம் இடது பாதைக்கு ஓடிப் புல்லில் தேடினாள். "சார்! இங்க பாருங்க! புல்லு மஞ்சளா வெளுத்துக் கிடக்கு. நீளமா, முனையில ரெண்டாப் பிரிஞ்சு, அந்தக் கிளை மாதிரியே! அப்படின்னா..."

"அசையாதே, மார்லீன். காலைத் தூக்காதே."

அவள் அப்படியே நின்றாள். பாதையிலிருந்து மூன்றடி தள்ளி, காய்ந்த இலைகளுக்கு நடுவே ஒரு காய்ந்த இலை கண் சிமிட்டியது. பக்கிக் குருவி, கூடு கட்டாத இரவுப் பறவை. நிறைய நேரம் பார்த்த பிறகுதான் அதற்கு அலகும் இறகும் இருப்பதே தெரிந்தது. வயிற்றுக்கடியில் ஒரு முட்டையின் ஓரம் வெள்ளையாகத் தெரிந்தது.

"தரையிலயே முட்டை போட்டிருக்கு," என்று கிசுகிசுத்தாள் மார்லீன். "ஐயோ, மிதிச்சிருப்பேனே!"

"அதுக்காகத்தான் கிளை இடம் மாறியிருக்கு," என்றார் ஹூபர்ட். "போய் ஹெஸ்டரையும் கிளெமென்டையும் கூட்டிட்டு வா. லெனார்டையும்."

நான்கு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். லெனார்ட் நாற்பது வயது தச்சர். வாரக் கடைசியில் பொதுவெளிப் பறவைகளைக் கணக்கெடுப்பவர். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு நின்றார். ஹெஸ்டரின் முகத்தில் இரண்டு நாள் தூக்கமின்மை தெரிந்தது.

"ஒரே ஒரு கேள்வி, ஹெஸ்டர். வியாழக்கிழமை அப்பாவை எங்கெல்லாம் தேடினீங்க?" என்று கேட்டார் ஹூபர்ட்.

"கார்ல சுத்திப் போய் மேட்டு பெஞ்சுல பாத்தேன். மார்லீன் சைக்கிள்ல ரோடு பூரா தேடினா. மத்தவங்க சர்ச் பக்கம்."

"லெனார்ட் எங்க தேடினாரு?"

"அவரு... நேரா சதுப்புக்குப் போனாரு." ஹெஸ்டர் நிறுத்தினாள். "எப்படி நேரா அங்க போனீங்க?"

லெனார்ட் கிளையைப் பார்த்தார்.

"நல்ல வழி அடைச்சிருக்குன்னு ஊர்ல ஒருத்தருக்குத்தான் தெரியும்," என்றார் ஹூபர்ட். "அடைச்சவருக்கு. வழக்கமான கிளையையே இடப்பக்கம் இழுத்துப் போட்டிருக்காரு. கிளெமென்ட் தடி அதுல பட்டுச்சு. மரியாதையா மறுபக்கம் திரும்பினாரு. அவரு வழி தவறவே இல்ல. வழிதான் அவரை ஏமாத்திடுச்சு."

லெனார்ட் உடைந்துபோனார். "பெரியவரே, குருவி முட்டையை யாரும் மிதிச்சுடக் கூடாதுன்னுதான் போட்டேன். நீங்க படுக்கையில இருக்கீங்கன்னு நெனச்சேன். வேற யாரும் அந்த நேரத்துல வர மாட்டாங்க. சதுப்புப் பக்கம் கம்பு நட்டுக் கயிறு கட்டணும்னு இருந்தேன், நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன். ஹெஸ்டர் பதறிக்கிட்டு வந்து சொன்னதுமே எனக்கு உயிரே போயிடுச்சு. உங்களை வீட்டுல விட்டுட்டு வந்து, வெக்கத்துல கிளையைப் பழைய இடத்துல போட்டுட்டேன்."

"வெக்கமா?" ஹெஸ்டர் சீறினாள். "ஒரு குருவி முட்டைக்காக எங்கப்பாவைப் பைத்தியம்னு நம்ப வெச்சுட்டு, வாயை மூடிக்கிட்டு இருந்தீங்களா? மனுஷனா நீங்க?"

"ஹெஸ்டர்," என்றார் கிளெமென்ட்.

அவர் தடியை ஊன்றி நின்றார். கன்னத்தில் கண்ணீர் இறங்குவதை அவர் துடைக்கவே இல்லை.

"ரெண்டு நாளா கண்ணு முழிச்சதும் மொத வேலையா உங்கம்மா பேரைச் சொல்லிப் பாக்குறேன். அப்புறம் உன் பேரு. அப்புறம் நீ பொறந்த தேதி. ஒண்ணு விட்டுப் போனாலும் நானே பெட்டியக் கட்டிக்கிட்டுக் கிளம்பிடணும்னு இருந்தேன். எல்லாம் இருக்குதும்மா. ஒண்ணுகூடப் போகல."

ஹெஸ்டர் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். மார்லீனும் அழுதாள், அவளை அழச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஹூபர்ட் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெனார்ட்," என்று கூப்பிட்டார் கிளெமென்ட். "கம்பும் கயிறும் இன்னைக்கே கட்டுறே. கிளையைத் திரும்ப இடப்பக்கம் போடுறே. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் நான் புதர் ஓரமாச் சுத்திப் போயிக்கிறேன். அடுத்த தடவை எதையாவது மாத்தினா மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லு. புரிஞ்சுதா, மடையா?"

"புரிஞ்சுது, பெரியவரே," என்ற லெனார்டின் குரல் சிறு பிள்ளைக் குரலாக இருந்தது.

ஹெஸ்டர் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். "இல்லத்துக்குச் சொல்லணும். இங்க சிக்னல் இல்லையே."

"மேட்டு பெஞ்சுல கிடைக்கும். என் பின்னாலயே வா. மார்லீன், நீ பாத்துக் காலை வை, இடது கைப்பக்கம் பள்ளம் இருக்கு," என்று சொல்லிக் கிளெமென்ட் முன்னால் நடந்தார்.

கண் தெரிந்த நான்கு பேரும் வரிசையாக அவர் பின்னால் போனார்கள். முட்புதரைச் சுற்றி, முள்ளிலை ஹாலி மரங்களுக்கு நடுவே, ஒரு இடத்தில்கூட அவர் தயங்கவில்லை. மேலே போய் உட்கார்ந்ததும் ஹெஸ்டர் எண்ணை அழுத்தினாள்.

"ஆமாங்க, ரட்ஜ்தான். திங்கக்கிழமை நாங்க வரல. அந்த ரூமை வேற யாருக்காவது குடுத்துடுங்க... இல்லைங்க, எங்கப்பாவுக்கு ஒண்ணுமே இல்ல. ஒரு கிளை இடம் மாறிக் கிடந்துச்சு, அவ்வளவுதான்."

மறுமுனையில் இருந்த பெண் "என்னது?" என்று கேட்டது பெஞ்சு முழுக்கக் கேட்டது. கிளெமென்ட் விழுந்து விழுந்து சிரித்தார்.