உதடு பொருந்திய படம்

அந்த வெள்ளிக்கிழமைப் படத்தில் முதலில் கோளாறாகப் பட்டது உதடுதான்.

அதுவரை எந்தப் படத்திலும் உதடு பொருந்தியதே கிடையாது. அந்த இத்தாலிக்காரர்கள் படத்தை ஒரு பக்கம் எடுத்துவிட்டுப் பேச்சை இன்னொரு பக்கம் சாவகாசமாக ஒட்டவைப்பார்கள் போலிருக்கிறது. வாய் மூடிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வார்த்தை வந்து சேரும். அதற்கும் மேலே கார்மேகத்தின் தமிழ் தனிப் பாதையில் போகும். சவுதியில், ஜுபைல் லேபர் கேம்ப்பில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

கார்மேகத்துக்கு இத்தாலி பாஷை தெரியும் என்பது கேம்ப் முழுக்கத் தெரிந்த விஷயம். கார்மேகம் ஒருவனுக்குத்தான் அது தெரியாது. யான்புவில் சாரம் கட்டிக்கொண்டிருந்தபோது ஓர் இத்தாலி சூப்பர்வைசரிடம் அவன் கற்றது இரண்டே வார்த்தை, இரண்டும் வசவு. ஆனால் அவற்றை அவன் உச்சரித்த அழகைப் பார்த்து, ஊருக்குப் போன வேறோர் இத்தாலிக்காரர் விட்டுச்சென்ற ஹார்ட் டிஸ்க்கை எல்லோருமாக அவன் கையில் ஒப்படைத்துவிட்டார்கள். அதில் முழுக்க ஒரே வகைப் படம். பாழடைந்த பெரிய பங்களா, வளைந்து வளைந்து ஏறும் மாடிப்படி, எங்கிருந்து விழுகிறதென்றே தெரியாத சிவப்பு வெளிச்சமும் நீல வெளிச்சமும், தனியாக நிற்கும் ஒரு பெண், கறுப்புத் தோல் கையுறை மாட்டிய ஒரு கை, அந்தக் கையில் சவரக்கத்தி. ரத்தம் மட்டும் புதிதாக அடித்த பெயிண்ட் மாதிரி இருக்கும்.

வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் டிவிக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார்கள் என்று கார்மேகம் தமிழில் சொல்வான். அத்தனையும் அவனே அடித்துவிடுவது. ஒரு படத்தில் பாதிரியாரைத் தாசில்தாராக்கி, பட்டா தகராறில் ஏழு கொலை விழுந்ததாகச் சொன்னான். ரூமே கண் கலங்கியது.

ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சாகப்போகிறவளுக்கு வீட்டுப் பெண்களின் பேரை வைக்கக் கூடாது. அதைத்தான் அவன் அன்றைக்கு மீறினான். லீவு மறுபடியும் தள்ளிப்போனதை முந்தின நாள் ஃபோனில் சொன்னதும், அவன் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் லைனை வெட்டியிருந்தாள். அந்தக் கடுப்பு இறங்கவில்லை. திரையில் செம்பட்டை முடிக்காரி ஒருத்தி வந்து நின்றதும், "இவ பேரு பூவாயி" என்றான்.

"அண்ணே, அது மதினி பேருல்ல?" என்றான் கீழ்க்கட்டில் வீரபாண்டி.

"ஒலகத்துல ஒரு பூவாயிதானாடா? மூடிக்கிட்டுப் பாரு."

வெளியே மத்தியான வெயில் தகரத்தை உரித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டியிருந்ததால் ரூமுக்குள் பகல் என்று ஒன்று இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் தகர டப்பாவில் விழும் சத்தம், காயப்போட்ட ‘கவரால்’ வேலையுடுப்புகளின் வேர்வை நாற்றம், மிச்சமிருந்த மீன்குழம்பு வாசனை, இவற்றுக்கு நடுவே டிவியின் நீலம் எல்லோர் முகத்திலும் ஏறி இறங்கியது. செம்பட்டை முடிக்காரி மாடியில் ஒரு கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போன நேரத்துல எவன் உள்ள வந்தது?" என்றான் கார்மேகம்.

அவள் உதடும் அதையேதான் சொன்னது. ஓர் எழுத்து முந்தவில்லை, பிந்தவில்லை. ரூமில் ஒருவன் கைதட்டினான். கார்மேகம் திரைக்குக் கிட்டே குனிந்தான். சோதித்துப் பார்க்க, "பெரிய கம்மாக்கரைப் பக்கம் பேச்சுக் கேக்குதே" என்று சம்பந்தமில்லாமல் விட்டான். இத்தாலியில் ஏது கண்மாய்? திரையில் அவள் காதைச் சாய்த்து அதை அப்படியே சொன்னாள். சொல்லிவிட்டு, தரை புரளும் அந்தப் பட்டு கவுனை ஒரு கொத்தாக அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டாள். களத்துமேட்டில் பூவாயி சேலையைச் செருகுகிற அதே செருகல்.

அவன் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து வீட்டு நம்பரை அழுத்தினான். காதில் மணி போக ஆரம்பித்தது.

பங்களாவின் கீழ்க்கூடத்திலும் மணி அடித்தது.

அவள் திரும்பினாள். தாழைத் திறந்தாள். திறக்காமல் இருந்திருந்தால் ஒன்றுமில்லை. மணி அடித்ததால் திறந்தாள். படியில் இறங்கத் தொடங்கினாள், அவளுக்குப் பின்னால் திரைச்சீலை உப்பியது, அதன் ஓரத்தைக் கறுப்பு விரல்கள் மெல்ல ஒதுக்கின. கார்மேகம் ஃபோனை வெட்டினான். கீழ்க்கூடத்து மணி பாதியில் அறுந்தது. அவள் நடுப்படியில், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

"டிவியை நிறுத்துடா."

"என்னண்ணே, இப்பத்தான சூடு பிடிக்குது..."

"நிறுத்துடான்னா!"

வீரபாண்டி பிளக்கைப் பிடுங்கினான். இருட்டு. சொட்டுச் சத்தம். யாரோ அலுத்துக்கொண்டார்கள். கார்மேகம் மறுபடி வீட்டுக்கு அடித்தான், லைனே போகவில்லை. மறுபடி. மறுபடி. "என்னண்ணே வெளையாடுறீங்க" என்று வீரபாண்டியே பிளக்கைச் செருகினான். முறைப்படி படம் முதலிலிருந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. விட்ட இடத்திலிருந்தும் வரவில்லை. அவள் ஓர் அலமாரிக்குள் குறுகி உட்கார்ந்திருந்தாள். காதிலிருந்து வாய்வரை கன்னம் கிழிந்திருந்தது. இந்த ரத்தம் பெயிண்ட் மாதிரி இல்லை.

"அறுத்ததக் காட்டாம விட்டுட்டானுங்களே" என்று வீரபாண்டி வருத்தப்பட்டான்.

நிறுத்தினால் படம் நிற்காது, அவளுக்குத் துணையாக ஒரு வார்த்தைகூட இல்லாமல் போகும், அவ்வளவுதான். இது கார்மேகத்துக்கு எலும்பில் உறைத்தது. அவன் பேச ஆரம்பித்தான். கையுறைக்காரனின் கத்தி வழுக்கி விழுந்துவிட்டது என்றான், விழுந்தது. கையுறைக்காரன் அதை எடுத்துக்கொண்டான். பங்களாவில் பெரிய ராஜபாளையத்து நாய் ஒன்று இருக்கிறது, கட்டவிழ்த்தாயிற்று என்றான். வெள்ளை நாய் பாய்ந்து வந்தது. அதன் கழுத்து திறந்துகொண்டது. போலீஸ் வந்துவிட்டது என்றான். தொப்பி வைத்த ஒருவன் வாசலில் நுழைந்து, மூன்றாவது தூண்வரை நடந்து, சிவப்பு வெளிச்சத்தில் மண்டியிட்டு, தன் தொண்டையைத் தானே பொத்திக்கொண்டு சரிந்தான். அனுப்புகிற ஆளெல்லாம் செத்தார்கள். வார்த்தைக்கு நடுவே அவன் எச்சில் விழுங்கினால், அந்த இடைவெளியில் கையுறை ஓர் அறை கிட்டே வந்தது.

படம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று திரைக்கு அடியில் காட்டும் கோடு கடைசியைத் தொட்டு நின்றுவிட்டது. படம் நிற்கவில்லை.

ஆட்கள் கலைந்தார்கள். ஒருவன் துணி துவைக்கப் போனான், இருவர் போர்வைக்குள் போனார்கள். மெஸ் சமையல்காரர் கௌஸ் முகைதீன் சுலைமானி டீ டம்ளரோடு வாசலில் வந்து நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, குரலு தகரத்தச் சொறண்டுற மாதிரி இருக்கு? படத்த முடிச்சு விடுய்யா."

"முடிய மாட்டேங்குது பாய்."

"எப்புடி முடியும்? கொல்றவன் யாருன்னு சொல்லாம முடியுமா? மூஞ்சியக் காட்டுனா கலாஸ், முடிஞ்சுது. எந்தப் படமும் அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். ஒரு பேர். ஆனால் யார் பேரை? ஊரில் உள்ள எவன் பேரைச் சொன்னாலும் அவன் ஊரில் இருக்கிறான், நடந்தே வந்துவிடுவான். செத்துப்போனவன் பேரைச் சொல்லலாமென்றால், செத்தவன் கிளம்பி வருவது அதைவிட மோசம். அலமாரிக் கதவின் இடுக்கில் கத்தியின் நுனி நுழைந்து, கீழிருந்து மேலாகத் தடவிப் பார்த்தது. அவளிடம் போகவே முடியாதவன் வேண்டும். கடலுக்கு இந்தப் பக்கம் இருப்பவன். பாஸ்போர்ட்டைக் கம்பெனி ஆபீஸ் பீரோவில் பூட்டக் கொடுத்துவிட்டவன். எவ்வளவு கெஞ்சினாலும் லீவு மாஃபி, கிடையாது என்று திருப்பி அனுப்பப்பட்டவன்.

கார்மேகத்துக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவனைப்போல் வசமான ஆள் எங்கே கிடைப்பான்?

"அந்தக் கை," என்றான், மிச்சமிருந்த குரலையெல்லாம் கூட்டி, "இந்தக் கார்மேகத்தோட கை."

வீரபாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். கத்தி நின்றது. இடுக்கிலிருந்து வெளியே வந்தது. மடிந்தது. கறுப்புக் கையுறையை விரல் விரலாக இன்னொரு கை உருவியது. உள்ளே இருந்த கட்டைவிரலில், ஸ்பேனர் விழுந்து கறுத்த நகம். கார்மேகம் தன் கையைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியிருக்கவில்லை.

உருவம் முதுகைக் காட்டிப் படியில் இறங்கியது. நாயைத் தாண்டியது. போலீஸ்காரனைத் தாண்டியது. வாசலுக்கு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து அவள் ஓடிவந்து மூன்று தாழ்ப்பாளையும் போட்டாள். கார்மேகம் அன்றைக்கு முதல்முறையாக மூச்சை முழுசாக விட்டான்.

முகம் காட்டவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது.

கதவு தட்டப்பட்டது. மெதுவாக. மரியாதையாக. வீட்டு ஆள் தட்டுகிற மாதிரி.

"பூவாயி," என்றது டிவி. நல்ல தமிழ். கார்மேகத்தின் ஊரான ராமநாதபுரத்துத் தமிழ். "நான்தான். லீவு கெடச்சிருச்சு."

"அண்ணே," என்றான் வீரபாண்டி, சிரிப்பு பாதியில் நிற்க. "வாய மூடிக்கிட்டே எப்படிண்ணே பேசுறீங்க?"

தொறக்காத. கார்மேகம் கத்தினான். காற்றுதான் வந்தது. தொறக்காத. தொண்டையில் ஒன்றும் இல்லை. டிவியைப் பிடித்து உலுக்கினான். கண்ணாடியை அறைந்தான். எவன் எவனோ வந்து அவன் தோளைப் பிடித்து இழுத்தார்கள்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. கிழிந்த கன்னத்தைக் கவுன் நுனியால் ஒற்றிக்கொண்டாள். முடியை ஒதுக்கினாள். கீழ்த் தாழ்ப்பாள். நடுத் தாழ்ப்பாள். கதவுக்கு அந்தப் பக்கம், சிவப்பு வெளிச்சத்தில், கையுறையில்லாத கை கத்தியைத் திரும்ப விரித்தது.

மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை. அவள் நுனிக்காலில் எக்கி நின்றாள், சிரித்துக்கொண்டே, இரண்டு கையையும் உயர்த்தி, கழுத்து நீள.

"இருங்க," என்றாள், உதடு துளி பிசகாமல். "இந்தா தொறந்துட்டேன்."