மாதா படத்தடியில் ஒரு வீடு

செவ்வாய்க் குடியிருப்பில் கட்டில் இல்லாத வீடுகூட உண்டு, அதிர்வாடி இல்லாத வீடு கிடையாது. சாமி படத்துக்குக் கீழே, கொட்டைப் பாக்கு அளவில், மங்கலான ஒரு கண்ணாடிக் கட்டி. பூமியில் விட்டுவிட்டு வந்த வீட்டின் காற்று அதற்குள் இருக்கிறது.

விண்கல் வந்து மோதும்போது பாறைக்கு உருகக்கூட அவகாசம் கிடைப்பதில்லை. அதிர்ச்சி பாய்கிற கணத்திலேயே அதன் சில பகுதிகள் கண்ணாடியாகிவிடும். பக்கத்திலிருந்த காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். செவ்வாயிலிருந்து தெறித்துப் பூமியில் விழுந்த கற்களை அடையாளம் கண்டதே அந்தக் காற்றை வைத்துத்தான். இதைப் படித்த எவனோ ஒரு புண்ணியவான் மோதுபெட்டி என்றொரு இயந்திரத்தைச் செய்தான். வீட்டு நடுவில் அதை வைத்துக் கல்லின்மேல் ஒரு குண்டைப் பாய்ச்சினால், அறையின் காற்று வாசனையோடு கல்லுக்குள் போய்விடும். உடைத்தால் வெளியே வரும், ஒரே ஒரு தடவை. அதனால் யாரும் உடைப்பதில்லை, பார்த்துப் பார்த்து ஏங்குவதோடு சரி.

சேவியர் உடைத்துவிடுவது என்று தீர்மானித்தார். அவருக்கு வேறு வழியில்லை. செம்புழுதியைச் சுவாசித்துச் சுவாசித்து மூக்குக்குள் கட்டி வந்துவிட்டது, சாயங்காலம் அறுவைச் சிகிச்சை. உயிர் பிழைக்கும், ஆனால் இனி எந்த வாசனையும் தெரியாது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி ரெஜினாவுக்கு இதில் இஷ்டமில்லை. வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று காலையிலிருந்து பத்துத் தடவை சொல்லிவிட்டாள். அவரா கேட்பார்? தூத்துக்குடியில் அவர்கள் இருந்த தெருவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். வாசலில் காயும் கருவாடு, உப்புக்காற்றில் ஊறிப்போன சுவர், முந்தின நாள் மீன்குழம்புச் சட்டி, தலையணையில் அவளுடைய தேங்காய் எண்ணெய். அங்கே இருந்தபோது அந்த வாடையைத் திட்டாத நாளில்லை. இப்போது அதையே விரல்விட்டு எண்ணிச் சொன்னார். ஒரே ஒரு மூச்சு அந்த வீட்டை இழுத்துக்கொண்டால் போதும், அப்புறம் மூக்கு எக்கேடு கெட்டாலும் போகட்டும் என்றார்.

ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டினார். அதிர்வாடி உடைந்தது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தார்.

பினாயில் வாடை அடித்தது. அதன் பின்னாலேயே மல்லிகை ஸ்ப்ரே.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். ரெஜினா அழுதுகொண்டிருந்தாள்.

“மோதுபெட்டியத் தூக்கிக்கிட்டு ஆளுங்க வாராவன்னு வீட்டக் கழுவி விட்டேன்” என்றாள். “நீங்க துறைமுகத்துக்குப் போயிருந்திய. கருவாட்டுக் கூடைய மாடியில கொண்டு வச்சேன். வெளியாளு வந்து மூக்கப் பொத்தினா அசிங்கம்லா?”

சேவியருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்க்காரர் தினமும் தன் அதிர்வாடியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறார். எதிர்வீட்டுத் தஞ்சாவூர்க்காரம்மா அதைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருக்கிறாள். அந்நிய ஆள் வருகிறான் என்றால் வீட்டைக் கூட்டாமல், ஊதுபத்தி கொளுத்தாமல் எந்த மனுஷி கதவைத் திறப்பாள்? குடியிருப்பு முழுக்க இதே பினாயிலைத்தான் பொத்திப் பொத்திக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள் போலும்.

போனால் போகிறது, இந்த வீட்டு வாசனையாவது மிஞ்சட்டும் என்று அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். பாசிக் கஞ்சி, எந்திர எண்ணெய், அவள் ஸ்வெட்டர் என்று இதற்கும் ஒரு வாசனை இருந்தது, காலையில்கூட இருந்தது. இப்போது ஒன்றும் தெரியவில்லை. எல்லாவற்றின் மேலும் மல்லிகை ஏறி உட்கார்ந்திருந்தது.

ரெஜினா பழக்கதோஷத்தில் எழுந்து ஜன்னலைத் தேடினாள். செவ்வாயில் ஏது ஜன்னல்? காற்றுச் சலிப்பான் இதை உறிஞ்சி முடிக்க ஒரு நாள் ஆகும். ஆஸ்பத்திரி வண்டியோ வாசலுக்கு வந்துவிட்டது.

சேவியர் எழுந்திருக்காமல் அந்தப் பினாயிலையும் மல்லிகையையும் இன்னொரு மூச்சு இழுத்தார். அவர்கள் இங்கே குடிவந்த பிறகு ஊரிலிருந்து ஒரு விருந்தாளிகூட இந்த வாசலை மிதித்ததில்லை.

“நம்ம வீட்டுக்கு யாரோ வாராவ போல இருக்கு, ரெஜி” என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலைந்து கிடந்த படுக்கை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள்.