மகுடேஸ்வரனின் கண்கள்

காலை 10.50. மங்கலம் ரோட்டிலுள்ள பனியன் கம்பெனியில், கட்டிங் மாஸ்டர் மகுடேஸ்வரன் மேஜைக்கடியில் சுருண்டு கிடந்தார். சட்டையெல்லாம் பிராந்தி வாடை.

"குடிச்சுப்போட்டு வந்துட்டானுங்க மேடம். சோறு போட்ட கம்பெனின்னு இந்த நாய்களுக்கு எங்கீங்க புரியுது?" மேனேஜர் வேல்குமார் சிரித்தான். வீங்கிய ஈறு பாதிப் பல்லை மறைத்தது.

அவன் கொடுத்த புகாரின் பேரில் வந்திருந்த எஸ்.ஐ. சித்ரகலா அந்தச் சிரிப்பை ஒரு கணம் பார்த்தாள். குனிந்து, மது சோதிக்கும் கருவியில் மாஸ்டரை ஊதவைத்தாள். கருவி பூஜ்யம் காட்டியது. சட்டையில் இருந்த பிராந்தி வாயில் இல்லை. ஆனால் கண்மணிகள் ஒரு பக்கம் மெல்ல நகர்வதும் வெடுக்கென்று திரும்புவதுமாக ஓயாமல் ஆடின.

"மாஸ்டர், காலைல என்னங்க சாப்டீங்க?"

"மேனேஜர் ரூம்ல... மோர்..." நாக்கு குழறியது.

"நாந்தானுங்க குடுத்தேன்," என்றான் வேல்குமார். "கம்பெனிப் பாதுகாப்பு பாக்க ஆடிட்டருங்க வர்றாங்க, பாத்துப் பேசுன்னு ஏழரைக்குக் கூப்ட்டேன். அவசர வழி பூட்டிக் கெடக்குதுன்னு ஒளறீட்டுத் திரிஞ்சானுங்க. இனிக் குடிகாரன் பேச்சை யாரு கேப்பாங்க?"

மதியம் 1.30. ஆஸ்பத்திரி.

"கண்ணு இப்படித் தானா ஆடறதுக்குப் பல காரணம் இருக்குங்க," என்றார் டாக்டர் நித்யஸ்ரீ. "சிலருக்குப் பொறவியிலயே இருக்கும். உள்காதுக் கோளாறு, மூளைல அடைப்பு, சாராயம்... இவருக்கு அதெல்லாம் இல்லீங்க. ரத்தத்துல வலிப்பு மாத்திரை அளவுக்கு மீறி இருக்குது. மருந்து எறங்குனா சரியாயிருவாரு."

"இவருக்கு வலிப்பு உண்டுங்களா?"

"ஒருநாளும் வந்ததில்லையாம்."

"அந்த மாத்திரையை வருஷக்கணக்கா சாப்பிடறவங்களைப் பாத்தா தெரியுங்களா?"

"சிலருக்கு ஈறு வீங்கிப் பல்லை மூடுமுங்க."

மாலை 4.00. மேனேஜர் அறையின் மேஜை டிராயரில் வலிப்பு மாத்திரையின் காலி அட்டைகளும் பாதி பிராந்தி பாட்டிலும் அகப்பட்டன.

"மோருல மாத்திரைப் பொடி, விழுந்தப்பறம் சட்டையில பிராந்தி," என்றாள் சித்ரகலா. "சட்டையை நனைச்ச உங்களுக்கு வாயை நனைக்கத் தோணல. உங்க ஈறே உங்களைக் காட்டிக் குடுத்துருச்சு. ஆடிட்டருங்களை அந்த அவசர வழிப் பூட்டு முன்னால நிறுத்திப்போட்டுத்தான் வர்றேன்."

வேல்குமார் சட்டென்று கைகூப்பினான். "கேஸ் போடுங்க மேடம். எனக்கு வலிப்புங்கறது மட்டும் வெளிய தெரிய வேண்டாமுங்க. பொண்ணு பேசியிருக்குது. கேவலமாப் போயிருமுங்க."

காலில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல் அவள் அவனைப் பார்த்தாள்.

"வலிப்புல ஒரு கேவலமும் இல்லீங்க. நானூறு பேரை உள்ள வெச்சுக் கதவைப் பூட்டுனீங்களே, அதுதான் கேவலம். வண்டில ஏறுங்க."