கூடமா, சமையலறையா

பெருநகரத்துப் பேருந்துகள் திரும்பிப் போகும் கடைசி நிறுத்தத்துக்கு அப்பால், இரண்டு நகராட்சிகள் முட்டிக்கொள்ளும் இடத்தில் அந்த வீடு இருந்தது. காலை பதினோரு மணிக்கு டேப்பும் மஞ்சள் பெயிண்ட் டப்பாவுமாக சர்வேயர் வந்து இறங்கினார். வீட்டை விற்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்த தரகர் வாசலிலேயே நின்று சாவியை நீட்டினார்.

"உள்ள வரலியா?"

"நீங்க கோட்டப் போடுங்க சார். வாங்கறவங்க எது எந்த ஊருன்னு கேக்கறாங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

டீக்குப் போகிறவர் நடந்துதான் போவார். தரகர் ஓடினார்.

சர்வேயருக்கு அலுவலகத்தில் 'நேர்கோடு' என்று பட்டப்பெயர். எல்லை வரைந்த காலத்தில், இந்த வீட்டைச் சுற்றி வளைத்துப் போனால் அரை நாள் வேலை கூடும் என்று ஸ்கேலை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். கூடம் மேற்கு நகராட்சிக்குப் போனது, சமையலறை கிழக்குக்கு. குப்பை வண்டி இரண்டு பக்கமும் நிற்காமல் போக, வீட்டுக்கார அம்மாள் வாளியோடு தெருத் தெருவாக அலைந்ததைச் சொல்லிச் சொல்லி அலுவலகத்தில் சிரிப்பார்கள்.

போன வருடம், தனியாக இருந்த அந்த அம்மாள் சமையலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எந்த ஊர் ஆம்புலன்ஸ் போவது என்று சர்வேயரிடம் கேட்டார்கள். அது சாப்பாட்டு நேரம். ஆள் எங்கே கிடக்கிறாரோ அந்த எல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். கிழக்கு வண்டி பழுது. கூடத்துக்கு வந்தால் வருகிறோம் என்றது மேற்கு. அவள் தவழ்ந்து கூடத்துக்கு வந்தபோது மேற்கு வண்டி வேறு வேலையாகப் போயிருந்தது. கிழக்கு வண்டி சரியாகியிருந்தது. சமையலறைக்குத் திரும்பச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து, இரண்டுக்கும் நடுவில் நிலைப்படியின் மேல் அவளைப் பிணமாகக் கண்டெடுத்தார்கள்.

உள்ளே பூட்டிக்கிடந்த வீட்டின் புழுக்க வாடை. தரையில் கூடத்திலிருந்து சமையலறைக்கு அகலமாக ஒரு தேய்ந்த தடம். சர்வேயர் செருப்பால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. போனால் என்ன, போகாவிட்டால் என்ன என்று குந்தி உட்கார்ந்து நிலைப்படியில் மஞ்சள் கோட்டை இழுத்தார். கோடு வழக்கம்போல் நேராக வந்தது. திருப்தியோடு எழுந்தார்.

குதிகாலை ஏதோ பிடித்தது.

விழுந்த வேகத்தில் இடுப்பில் ஏதோ படக்கென்றது. வலியில் கண் இருண்டது. கூடத்தில் கிடந்தபடியே போனை எடுத்து மேற்கு நகராட்சியைக் கூப்பிட்டார்.

"எந்த அறைல இருக்கீங்க சார்?"

"கூடத்துலப்பா. சீக்கிரம் வாங்க."

"கூடம் நம்மளுதுதான். வண்டி கிளம்பிடுச்சு."

சைரன் தெருமுனையில் கேட்டது. அப்போது கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள் படிந்தன. ஈரமும் சில்லிப்புமாக இருந்தன.

மெதுவாக இழுத்தன.

தரையைப் பிறாண்டினார். நகம் பெயர்ந்தது. முதுகுக்கடியில் மஞ்சள் கோடு ஈரமாக நழுவிப் போனது. சமையலறையின் இருட்டு தலைக்கு மேல் வந்தது.

ஸ்ட்ரெச்சரோடு வாசலில் நின்றவன், யாருமே இழுக்காமல் ஒரு மனிதர் நகர்ந்து போவதைப் பார்த்தான். ஸ்ட்ரெச்சரைப் போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினான். சைரன் தூரத்தில் தேய்ந்தது.

சர்வேயர் அழுதபடி கிழக்கு நகராட்சிக்குப் போன் போட்டார். "சமையலறைல கிடக்கறேம்மா. உயிர் போகுது."

"கவலப்படாதீங்க சார். ஆள் எங்க கிடக்கறாங்களோ அந்த எல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்ததுதான். வண்டி அனுப்பிட்டோம்."

பத்தாவது நிமிடம் பின்வாசல் பக்கம் வண்டி வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது. "சார், சமையலறைலதானே இருக்கீங்க?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

கணுக்காலை விட்ட விரல்கள் அக்குளுக்கடியில் வந்து பொருந்தின. காதோரம் மூச்சிரைத்தது.

"ஏழு தடவ," என்றது ஒரு பெண் குரல், ரகசியமாக. "நான் ஏழு தடவ போய் வந்தேன்."

அவர் மறுபடி கூடத்தை நோக்கி நகரத் தொடங்கினார்.