மார்பளவு ஐம்பத்தெட்டு அடி

படகில் வந்திருந்தவர் கையிலிருந்து மதுக்கோப்பை நழுவி ஏரியில் விழுந்தது. போனால் போகிறது என்று சிரித்துவிட்டு அவர் வேறு கோப்பை எடுத்துக்கொண்டார். படகோட்டி சடையாண்டிதான் குனிந்து பார்த்தபடியே இருந்தான். கோப்பை எங்கும் போகவில்லை. நடு ஏரியில், எட்டி எடுத்துவிடலாம் போல, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு கிடந்தது.

அணையோரத்து அளவுத் தூணைத் திரும்பிப் பார்த்தான். பச்சை எழுத்தில் ஐம்பத்தெட்டு அடி என்று இருந்தது. பதினோரு வருஷமாக அது வேறு எதையும் காட்டியதில்லை.

பெருமாக்கரடு அணைக்குள் எழுதரை, அதாவது தானே மேலெழும்பும் தரை, போட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் கோடை வந்துவிட்டால் ஏரி வற்றிச் சேறு நாறும். ஏரிக்கரை விடுதிக்குத் திராட்சை மது ருசி பார்க்க வந்த கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பும். அதற்காகத்தான் ஏரியின் அடியில் தடித்த ரப்பர்த் தோலை விரித்து, மூவாயிரம் இரும்புக் கால்கள்மேல் நிறுத்தினார்கள். மதகு வழியே தண்ணீர் போகப்போகக் கால்கள் நீளும், தரை மேலே வரும், தண்ணீர் நின்ற மட்டத்திலேயே நிற்கும். இதைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரத்துக்கு மட்டக்காவலி என்று பெயர். அது தூங்காது, லீவு கேட்காது.

ஊருக்கும் அதில் நிம்மதிதான். தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் மண்வெட்டியோடு முறைத்துக்கொண்டு நின்ற காலம் போயிற்று. குறைவது கண்ணில் பட்டால்தானே சண்டை வரும்?

வந்தவர்களை இறக்கிவிட்டுச் சடையாண்டி தனியாகத் திரும்பி வந்தான். படகில் பாதுகாப்புக்கென்று ஒரு துடுப்பு கிடக்கும். மோட்டார் ஓடுகிற படகில் அதை யார் தொடப்போகிறார்கள்? எடுத்துத் தண்ணீருக்குள் விட்டான். முழுசாக முங்கவில்லை, தட்டென்று நின்றது. இன்னும் பத்து இடத்தில் விட்டுப் பார்த்தான். பத்து இடத்திலும் அதே தட்டு.

அவனுக்கு முதலில் வந்தது பயமில்லை. அட, என்று ஒரு வியப்புத்தான். இவ்வளவு பெரிய பொய்மேல் இத்தனை வருஷம் படகு ஓட்டியிருக்கிறோமே என்று நினைத்தான். பயம் வீட்டுக்கு வந்தபிறகு வந்தது. கவாத்துக்கு வெள்ளிக்கிழமை ஆள் சொல்லியாயிற்று என்றாள் பெண்டாட்டி ஒச்சம்மா.

திராட்சைக்குக் கவாத்து என்பது விளையாட்டில்லை. கொடியை ஒட்ட வெட்டிவிட்டால், துளிர்த்துப் பூத்துக் காய் திரளும்வரை தண்ணீர் தவறக் கூடாது. தவறினால் கொடியே கருகும். புதுக்கொடி வைத்துப் பந்தலேற்றிக் காய் பார்க்க மூன்று வருஷம். சடையாண்டிக்கு இருப்பது கடைமடையில் ஒன்றரை ஏக்கர். பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நாளில் கவாத்து செய்வது வழக்கம். அந்த நாளை விவசாயிகள் சங்கம்தான் குறிக்கும். தூணில் நாற்பது அடிக்கு மேல் இருந்தால் வெட்டலாம். பேப்பரிலும் அடிதான் வரும், டீக்கடையிலும் அடிதான் பேச்சு. தண்ணீர் எவ்வளவு என்று தனியாகக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இருந்ததில்லை.

மறுநாள் மட்டக்காவலியின் பொறியாளர் நிலவழகியைப் போய்ப் பார்த்தான். சின்ன வயசுப் பெண், மரியாதையாக உட்காரச் சொன்னாள். தரை இப்போது ஐம்பத்து நான்கு அடி உயரத்தில் நிற்பதை மறைக்காமல் சொன்னாள். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றாள். முறைவைத்துத் தண்ணீர் விடுங்கள், கடைமடையிலிருந்து ஆரம்பியுங்கள் என்று சடையாண்டி கெஞ்சினான். மட்டம் முப்பது அடிக்குக் கீழே போனால்தான் முறை, உத்தரவில் அப்படித்தான் இருக்கிறது என்றாள் அவள்.

"மட்டம்தான் எறங்கவே எறங்காதேம்மா?"

"அதுக்குத்தானேண்ணே இதைக் கட்டினோம்" என்றாள். கிண்டலாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னாள்.

வியாழக்கிழமை காலையில் அணைக்கரையில் சங்கக் கூட்டம். தலைவர் குருநாதன் சடையாண்டிக்கு மாமன்முறை, தலைமடைக்காரர். சடையாண்டி எழுந்து துடுப்பு விஷயத்தைச் சொன்னான். கூட்டம் ஏரியைத் திரும்பிப் பார்த்தது. தண்ணீர் கரையில் அலம்பிக்கொண்டு, வானம் முழுக்க அதற்குள் கிடந்தது.

"மாப்ள, ஐம்பத்தெட்டு அடித் தண்ணியக் கண்ணு முன்னால வச்சுக்கிட்டு, இல்லேங்குறியே. காலங்காத்தால விடுதிப் பக்கம் போயிட்டு வந்தியா?" என்றார் குருநாதன்.

சிரிப்பு அடங்குமுன் சடையாண்டி படகை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நடு ஏரியில் மோட்டாரை நிறுத்தினான். சட்டையைக் கழற்றவில்லை, செருப்பை மட்டும் விட்டான். குதிக்கவும் இல்லை. வண்டியிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கினான்.

கரையில் ஒச்சம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவனுக்கு நீச்சல் தெரியும், அது அவளுக்கும் தெரியும். ஆனால் அவன் நீந்தவில்லை, நின்றான். மார்பளவு தண்ணீரில், ஏரிக்கு நட்டநடுவில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

குருநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு படகில் ஏறினார். போனார், இறங்கினார், அவரும் நின்றார்.

"எத்தனை நாளைக்கு வரும் மாப்ள?" என்றார் தாழ்ந்த குரலில்.

"இப்படியே ராவும் பகலும் தொறந்து கெடந்தா, பூ எடுக்குறதுக்குள்ள முடிஞ்சிரும் மாமா. ஒங்களுக்கும் சேத்துத்தான்."

இதற்குள் வேறொன்று நடந்துவிட்டது. உல்லாசப் படகுகளில் வந்தவர்கள் இதை வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினார்கள். ஒருவன் இறங்கினான். அவன் கூட்டாளிகள் இறங்கினார்கள். மத்தியானத்துக்குள் இருநூறு பேர் ஏரி நடுவே கோப்பையும் கையுமாக உலாத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் விடுதி மேலாளர் ஷெரின் சங்கத்தைத் தேடி வந்தாள். கவாத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த நேரம். ஏரி நடைக்குக் கூட்டம் நெருக்குகிறது, மார்பளவு என்றால் குழந்தைகள் இறங்க முடியவில்லை, முழங்காலளவு இருந்தால் போதும் என்றாள். தரையை இன்னும் உயர்த்த வேண்டும். மிச்சத் தண்ணீர் எங்களுக்கு இடைஞ்சல், அதை நீங்கள் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டாள்.

குருநாதன் உடனே தலையாட்டவில்லை, பேரம் பேசுவதில் கெட்டிக்காரர். கடைமடையிலிருந்து முறைவைத்து விட வேண்டும் என்று அவள் மூலமாகவே அணைக்காரர்களிடம் எழுதி வாங்கினார். சொன்ன ஆளுக்கு முதல் தண்ணீர் என்று சடையாண்டியின் முதுகில் தட்டினார். நிலவழகி கணக்குப் போட்டுப் பார்த்தாள். மார்பிலிருந்து முழங்காலுக்கு இறக்கினால் சரியாக ஒரு போகத்துக்குத் தண்ணீர் தேறும்.

தேறியது. கவாத்து நடந்தது, துளிர்த்தது, காய் திரண்டது. சடையாண்டியின் ஒன்றரை ஏக்கரில் கொத்து கொத்தாகப் பன்னீர்த் திராட்சை தொங்கியது. அந்த வருஷம் மழை ஏமாற்றியது. ஏரியைப் பார்த்தவர்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

அடுத்த போகத்துக்கு நாள் குறிக்கச் சங்கம் மறுபடி கூடியது. இந்தத் தடவை யாரும் தூணைப் பார்க்கவில்லை, விவரம் தெரிந்துவிட்டதே. நடு ஏரியில் குழந்தைகள் முழங்காலளவுத் தண்ணீரில் ஓடிப்பிடித்து விளையாடுவதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்கள். கடைசியில் குருநாதன் தொண்டையைச் செருமினார்.

"கணுக்காலளவு போதுமான்னு அந்த ஷெரின் பொண்ணுகிட்டக் கேட்டுப் பாப்பமா?"

சம்மதம் என்று முதலில் கையைத் தூக்கியவன் சடையாண்டி.