இருநூறு காலடி

'நான் தொலைக்கவில்லை ஐயா. உங்களுக்காவது தெரியும்தானே?'

கண்ணாடிப் பேழையிலிருந்து ஐயாவின் கைத்தடியை எடுத்துத் துடைக்கும்போதெல்லாம் மரகதவல்லி மனத்துக்குள் இதைத்தான் கேட்பாள். முப்பத்தோரு வருடங்களாக இதே கேள்வி. சாகசக் கதைகள் எழுதிய சோலைநாதனின் சிறுமலை வீடு இப்போது நினைவில்லம். அவள் அதன் காப்பாளர். அந்நாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதியவள். ஆனால், அவருடைய கடைசி நாவலின் கடைசி அத்தியாயத்தைத் தொலைத்தவள் என்றுதான் ஊர் அவளை அறியும்.

"அக்கா, ஓடி வாங்க!"

ஆவணங்களைப் பட்டியலிட வந்திருந்த நஸ்ரீன், ஐயாவின் பைனாகுலர் உறையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். மேசையில் ஒரு துண்டுச் சீட்டு விழுந்து கிடந்தது.

'ஊற்றுப்பாறையிலிருந்து மேற்கே இருநூறு காலடி. இடப்பக்கம் குகை. மரகதம், புறப்படு!'

மரகதவல்லி சீட்டை எடுத்துப் பார்த்தாள். ஐயாவின் கையெழுத்து. ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் ஐயா இப்படித்தான் செய்வார். அவள் எழுதித் தந்த தாள்களைக் கதை நடக்கும் இடத்திலேயே ஒளித்துவைத்துவிட்டு, வழி எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்புவார். அவள் கண்டுபிடித்தால்தான் கதையில் வழி சரியாக வந்திருக்கிறது என்று பொருள்! இந்தச் சீட்டைக் கொடுப்பதற்குள் அவர் இறந்துபோனார்.

"தொலைச்சவுங்களே தேடப் போறாக!" நினைவில்லச் செயலாளர் தணிகாசலம் சிரித்தார். அவர் ஐயாவின் அக்கா மகன். "காட்டெருமைக்குக் கதை சொல்லப் போறீகளா?"

சிரித்துக்கொண்டே அவரும் செருப்பை மாட்டினார். மரகதவல்லி கைத்தடியோடு படியிறங்கினாள்.

"அது காட்சிப் பொருளுங்க!"

"திரும்பக் கொண்டாந்து வச்சிருவேன் சார்."

காப்பித் தோட்டத்தைக் கடந்து, முட்புதர்களை விலக்கி, ஊற்றுப்பாறையை அடைந்தார்கள். நஸ்ரீன் உரக்க எண்ணியபடி முன்னே நடந்தாள். நூற்று ஐம்பது... நூற்று அறுபது...

"நில்லு புள்ள!"

மரகதவல்லி பாய்ந்து அவள் கையைப் பற்றி இழுத்தாள். நஸ்ரீனின் காலடியிலிருந்து சரிந்த கற்கள் பள்ளத்தாக்கில் விழுந்து எதிரொலித்தன. புதருக்கு அப்பால் நிலமே இல்லை!

"மாமா கதை விட்டிருக்காரு," என்று தணிகாசலம் மூச்சு வாங்கினார். "வாங்க, திரும்பிரலாம்."

மரகதவல்லி அசையவில்லை. தேய்ந்த தடி முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயாவுக்கு இடது கால் குட்டை. அவரோடு நடக்கும்போது அவள் தன் நடையைச் சுருக்கிக்கொள்வாள். தனியாக வீடு திரும்பும்போதும் அந்த நடைதான் வரும். அது பிடித்தும் இருந்தது.

"நாம நம்ம காலால எண்ணிட்டோம்," என்றாள்.

மறுபடி பாறையிலிருந்து தொடங்கினாள். தடியை ஊன்றி, வலது காலை வைத்து, இடது காலை இழுத்து... பக்கத்தில் அவர் நடப்பதுபோலிருந்தது. இருநூறு! இடப்பக்கம் கொடிகள் திரையாகத் தொங்கின. விலக்கியதும் வௌவால்கள் படபடவென்று பறந்தன. உள்ளே, துருப்பிடித்த பிஸ்கட் டப்பா!

இருபத்திரண்டு வயது மரகதத்தின் உருண்டைக் கையெழுத்தில் பதினொரு பக்கங்கள். அடியில் இருந்த பன்னிரண்டாவது மட்டும் ஈரத்தில் ஊறிக் கூழாகியிருந்தது.

நஸ்ரீன் கூச்சலிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். தணிகாசலம் தலை குனிந்தார்.

"மன்னிச்சிருங்க மரகதம். இத்தனை வருசமா உங்களத்தான்..."

மாலையில் நினைவில்லத்தில் அவர் பழுப்பேறிய தாள் ஒன்றையும் பேனாவையும் அவள்முன் வைத்தார்.

"அன்னைக்கு எழுதுன அதே கை. அந்தக் கடைசிப் பக்கத்த நீங்களே எழுதிருங்க. ஒருத்தருக்கும் தெரியாது. மாமாவோட நூற்றாண்டு விழாவுல கதை முழுசா இருக்கணும்ல. ஞாபகம் இருக்கில்ல?"

இருந்தது. சன்னலைப் பார்த்தபடி அவர் சொன்ன கடைசி வாக்கியம், அதன்பின் வந்த இருமல், ஆறிப்போன காப்பி. ஆனால், அந்த வாக்கியம் அவர் சொன்னதேதானா? முப்பத்தோரு வருடங்களாகத் தனக்குள் சொல்லிச் சொல்லி அவள் வளர்த்துக்கொண்டதா?

கைத்தடியைத் துடைத்துப் பேழைக்குள் வைத்தாள். இன்று அதனிடம் கேட்க ஒன்றுமில்லை.

"வேணாம் சார்," என்றாள். "அந்தக் கூழான தாளையே வைங்க."

பேனாவை மூடி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.