ஆறாவது சுருள்

டப்பா சூடாக இருந்தது. சமையலறைத் தரைப்பலகைக்கு அடியில், ஜூன் மழையின் ஈரத்தில் கிடந்த தகர டப்பா, இப்போதுதான் ஒருவர் எழுந்துபோன மெத்தையைப் போலச் சூடாக இருந்தது. நுமாதாவுக்கு அது பிடிக்கவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

முப்பது வருடமாக அவர் தேடியது இதைத்தான். போருக்கு முன் வந்த மௌனப் படம். முதல் ஐந்து சுருள்களும் ஒசாகா குண்டுவீச்சில் எரிந்துபோயின. இந்தக் கடைசிச் சுருளுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது.

"எடுத்துட்டுப் போயிடுங்க, நுமாதா சான்," என்றாள், சுருளை இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்த குராதாவின் விதவை. புறங்கையால் மூக்கை மூடியிருந்தாள். "அவருக்கு நாப்பத்தொம்பதாம் நாள் காரியமே முடிஞ்சாச்சு. இந்த நாத்தம் மட்டும் போகலை."

மூடியைத் திறந்தார். நாள்கணக்கில் வியர்வையில் ஊறிய காலுறையின் நாற்றம், அதற்கடியில் அழுகிய பழத்தின் இனிப்பு, இரண்டும் சேர்ந்து எழுந்து கண்ணில் நீர் வரவைத்தன. சுருளின் ஓரமெங்கும் தேன்நிறக் கொப்புளங்கள். குனிந்து ஆழமாக முகர்ந்தார். குமட்டியது. மறுபடி முகர்ந்தார்.

"பொண்டாட்டியக்கூட இப்படி மோந்து பாத்திருக்க மாட்டீங்க."

"எனக்குக் கல்யாணம் ஆகலைம்மா."

"அதான் தெரியுதே."

படம் எந்தப் பக்கம் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பழுப்பு. பழைய ஃபிலிம்காரர்கள் செய்வதுபோல் ஃபிலிமின் நுனியை ஈர உதட்டில் வைத்தார். ஒட்டினால் அதுதான் படமுள்ள பக்கம்.

ஒட்டியது.

இழுத்தார். உதடு கூடவே வந்தது. படலம் உரியத் தொடங்கியது. அதில் ஒரு பெண்ணின் நெற்றி சுருங்கியது. நிறுத்தினார். இன்னும் இழுத்தால் அவள் முகம் போய்விடும். வேறெங்கும் இல்லாத முகம்.

"அய்யய்யோ, இருங்க, வெந்நி கொண்டாரேன்."

கையை ஆட்டித் தடுத்தார். தண்ணீர் பட்டால் படம் கரைந்துவிடும்.

அவள் நின்றுவிட்டாள். அவரையே பார்த்தாள்.

"அவரும் இப்படித்தான் வேணாம்னாரு."

அவள் வெளியேறி வாசல் கதவை மூடும் சத்தம் கேட்டது.

உதட்டுக்குள் ஏதோ வழுவழுத்தது. உப்பு. பிறகு சீழ். ஃபிலிம் ஒரு விரற்கடை உள்ளே நகர்ந்தது. அவர் நகர்த்தவில்லை. நாக்கின் மேல் ஒரு கன்னம். மென்மையாக. டப்பாவுக்குள் சுருள் சுழன்றது. மெதுவாக. ஃபிலிம் தொண்டை வரை வந்துவிட்டது.

ஒரே கடி. துண்டாகிவிடும். தப்பிக்கலாம்.

நுமாதா வாயை இன்னும் அகலமாகத் திறந்தார், பல் படாமல்.